கை ஓய்ந்தாலும் தொழில் ஓயக்கூடாது

கேள்வி:

ஐயா, நான் புக்கிட் காத்திலில் இருக்கிறேன். வயது 46. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருமே பால்மரம் வெட்டினார்கள். கல்யாணமாகி இங்கே தாமானுக்கு வந்த பிறகு, மாமியாரிடம் பழகிக்கொண்ட முறுக்கை வீட்டிலேயே சுட்டு விற்க ஆரம்பித்தேன். 12 வருடம் ஆகிவிட்டது. ஆயர் குரோ, புக்கிட் பாரு, டுரியான் துங்கால்வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

சாதாரண நாளில் 10 டின் போடுவேன். ஒரு டின் 22 வெள்ளி. மாவு, வெண்ணெய், எண்ணெய், கேஸ், டின் எல்லாம் சேர்த்து 12 வெள்ளி ஆகும். காலையில் சாமான் வாங்கப் போவதிலிருந்து சட்டி கழுவி வைப்பதுவரை 10 மணி நேரம் போய்விடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் சரியான தூக்கமே இருக்காது. போன தீபாவளியில் மணிக்கட்டு வீங்கி, டாக்டர் கையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வாங்கிய ஆர்டரில் பாதியை ரத்து செய்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மகன் போலிடெக்னிக்கில் படிக்கிறான். "மெஷின் வாங்குங்கம்மா, ஆள் வையுங்க, கம்பெனியா பதிவு பண்ணுங்க" என்று நச்சரிக்கிறான். மாமியாரோ, ஆள் வைத்தால் கைப்பக்குவம் போய்விடும், 12 வருடம் சம்பாதித்த பேர் கெட்டுவிடும் என்கிறார். கேட்டரிங்கைப் பெரிதாக்கப் போய்க் கடனாளியான தோழி ஒருத்தியை நேரில் பார்த்த பயமும் எனக்கு இருக்கிறது. கைக்கு அடங்கிய தொழில் போதும் என்று இருந்துவிட்டால் தவறா, ஐயா? பெரிதாக்கத்தான் வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

– ஒரு வாசகி, புக்கிட் காத்தில், மலாக்கா

பதில்:

சகோதரி, கைவலியோடு இருக்கும் நீங்கள் இவ்வளவு தெளிவாகக் கணக்கெழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

கைக்கு அடங்கிய தொழில் போதும் என்பது தவறான ஆசை இல்லை. ஆனால் அந்தக் கையே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைப் போன தீபாவளி உங்களுக்குக் காட்டிவிட்டது. ஆகவே, தொழிலை வளர்த்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். 10 டின்னை 20 டின்னாக்கி இன்னும் பத்து மணி நேரம் அடுப்பருகே நிற்பதை வளர்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் படுத்திருக்கும் நாளிலும் எந்த வேலை ஒழுங்காக நடக்குமோ, அந்த வேலையைத் தொழிலின் நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதைத்தான் வளர்க்க வேண்டும்.

உங்கள் கணக்கு சொல்வது

ஒரு டின்னுக்கு 22 வெள்ளி வருகிறது, 12 வெள்ளி செலவாகிறது. மிச்சம் 10 வெள்ளி. பத்து டின்னுக்கு 100 வெள்ளி. அதற்கு நீங்கள் கொடுப்பது பத்து மணி நேரம். மணிக்கு 10 வெள்ளி.

இப்போது நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதற்குமேல் முதலாளி 13 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்கும், தன் பங்காகச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் கட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய மணிக்கு 10 வெள்ளி வரும்.

ஆக, 12 வருடப் பழக்கமும் ஊரெல்லாம் நல்ல பேரும் உள்ள நீங்கள், ஒரு புது ஊழியருக்குச் சட்டப்படி ஆகும் செலவையே வருமானமாகப் பெறுகிறீர்கள். அந்த ஊழியருக்குச் சேமநிதி உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு, வேலையிடத்தில் அடிபட்டால் சொக்சோ உண்டு. உங்களுக்கு இவை எதுவும் இல்லை. டின்னைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் செலவைக்கூட நீங்கள் கணக்கில் எழுதவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இதே விலையில், இதே முறையில் ஓர் ஆளை வைத்து முறுக்குச் சுட்டால், அவருடைய கூலியோடு லாபம் தீர்ந்துவிடும். கடையில் கொடுத்து விற்றால் இன்னும் மோசம். கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு உங்களுக்கு டின்னுக்கு 17 வெள்ளி தந்தால், நீங்கள் ஆள்கூலியைக் கைக்காசிலிருந்து போட வேண்டி வரும். தொழிலைப் பெரிதாக்கி விழுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். தங்கள் உழைப்புக்குக் கூலி போடாமலே விலை வைத்துப் பழகியவர்கள், ஆள் வைத்த பிறகுதான் அந்த விலை போதாது என்பதைப் பார்க்கிறார்கள். அதற்குள் கடன் வாங்கியாகிவிடுகிறது.

எனவே மகன் சொல்லும் மெஷினும் கம்பெனியும் இரண்டாம் படி. எதை வளர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் வளர்க்க வேண்டும்?

உடம்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று நம் குடும்பங்களின் வரலாற்றில் இருக்கிறது.

மலாயாவின் வணிக ரப்பர் பயிர் தொடக்கத்திலேயே வேரூன்றிய இடங்களில் உங்கள் மாநிலமும் ஒன்று. சீன வணிகர் டான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் அது ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் காடு வெட்டினார்கள், மரம் சீவினார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தும், பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர்கள் கையில் தொழில் இல்லை. இருந்த லயத்து வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது வேலையோடு வீடும் போயிற்று.

அந்த நெருக்கடியில்தான் அப்போதைய மஇகா தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரத் தொழிலாளர்கள் தோட்டம் தோட்டமாகச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தனித்தனியாக ஒரு காணி நிலம்கூட வாங்க முடியாதவர்கள், சேர்ந்து தோட்டத்துக்கே உரிமையாளர்கள் ஆனார்கள். கூலி வாங்குவதும் சொத்தில் பங்கு வைத்திருப்பதும் எவ்வளவு தூரம் வேறுபட்டவை என்பதை நம் மக்களுக்கு அந்தச் சங்கம் நடைமுறையில் காட்டியது.

இன்று தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஏர்கோன் பழுதுபார்ப்பவர், புல்வெட்டுக் குத்தகை எடுப்பவர், மணமகள் அலங்காரம் செய்பவர், டியூஷன் நடத்துபவர், லாரி ஓட்டுபவர் எல்லாரும் சொந்தத் தொழில் செய்கிறார்கள். அது பெருமைக்குரிய மாற்றம். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு, ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. தோட்டத்தில் பேர்போடாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இங்கேயும் அதே நிலைதான், பேர்போடும் கிராணி மட்டும் இல்லை. உங்கள் மகனுக்கு நீங்கள் விட்டுப்போவது உங்கள் கைவலியாக இருக்கக்கூடாது. விற்கக்கூடிய, பங்கு போடக்கூடிய, இன்னொருவர் எடுத்து நடத்தக்கூடிய ஒரு தொழிலாக இருக்க வேண்டும். இதற்காகத்தான் வளரச் சொல்கிறேன்.

ஏழு பெண்களின் அப்பளம்

உங்கள் மாமியாரின் அச்சம் நியாயமானது. அதற்கு நான் அறிந்த நல்ல பதில் மும்பையில் இருக்கிறது.

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவ் பகுதியில், குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல் 80 ரூபாய். அதுவும் கடன். அன்று செய்தது நாலு பாக்கெட். அறிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நாலு மாதம் வேலையே நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். அதுதான் அவர்கள் போட்ட மெஷின். இன்று லிஜ்ஜத் அப்பளம் என்று நீங்கள் கடையில் பார்ப்பது அவர்களுடையது. சுமார் 45,000 பெண்கள் அதில் உறுப்பினர்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இத்தனை ஆயிரம் கைகள் இட்டும் அப்பளத்தின் ருசி மாறாதது எப்படி? மாவைப் பிசைவது கிளை நிலையத்தில். உளுந்து, மிளகு, பெருங்காயம், உப்பு எல்லாம் ஒரே அளவு. காலையில் பெண்கள் வந்து பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இட்டு, காயவைத்து, திரும்பக் கொண்டுவருவார்கள். அதை நிறுத்து, தரம் பார்த்து, கூலியை அப்போதே கொடுப்பார்கள். ருசி மாவில் இருக்கிறது, மாவு ஓரிடத்தில் இருக்கிறது, உழைப்பு பல வீடுகளில் நடக்கிறது.

தொடக்கத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்து, மட்டமானதை மலிவாக விற்றார்கள். சகன்லால் கரம்சி பரேக் என்ற பெரியவர்தான் அதைத் தடுத்தார். ஒரே தரம், சரியான கணக்கு, இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று அவர்களை வழிநடத்தினார். தொழில் பெரிதானதற்கு அந்த இரண்டும்தான் அடித்தளம்.

செட்டியார் பெட்டியடி

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அந்தத் திருவிழாவை நடத்தும், செட்டியார்கள் எனப்படும் நகரத்தார் சமூகம், ஒரு காலத்தில் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று பல ஊர்களில் ஒரே சமயத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்தியது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கப்பல் ஏறி வந்தவர் மேலாள். அவருக்கு மூன்று வருடக் கணக்கு. சம்பளத்தை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். லாபம் வந்தால் அதற்கான வெகுமதியும் உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே வேலை பழகும் பெட்டியடிப் பையன். மூன்று வருடம் முடிந்தால் மேலாள் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவார். அடுத்தவர் வந்து அதே பேரேட்டில் தொடர்வார்.

ஆள் மாறினாலும் தொழில் மாறாமல் நடந்ததற்குக் காரணம், எல்லாம் சிட்டையிலும் பேரேட்டிலும் ஐந்தொகையிலும் எழுதப்பட்டிருந்ததுதான். பெட்டியடிப் பையன் நாளடைவில் மேலாளாகி, பிறகு சொந்தக் கடை வைக்கும் வழியும் திறந்தே இருந்தது. தந்திகூட அரிதாக இருந்த காலத்தில் கடல் கடந்து அவர்களால் நடத்த முடிந்ததை, கைப்பேசியும் புலனமும் உள்ள நம்மால் புக்கிட் காத்திலுக்கும் ஆயர் குரோவுக்கும் நடுவில் நடத்த முடியாதா?

நம் நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. 1970களின் கடைசியில் கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் பர்கர் விற்றவர் ரம்லி மொக்னி. இறைச்சியை ஒரே தரத்தில் தயாரித்து மற்றவர்களின் அங்காடிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அவர் பெயர் நாடு முழுவதும் போனது. இன்று மூலைக்கு மூலை நிற்கும் பர்கர் கடைக்காரர்கள் அவரவர் முதலாளிகள். அவர்கள் கையில் இருக்கும் இறைச்சி ரம்லியுடையது. சுட்டு விற்பவராக மட்டும் இருந்திருந்தால் அவர் ஒரு சந்தியில்தான் நின்றிருப்பார்.

உங்கள் தொழிலில் எது வளரும்?

முறுக்கு உடையும், இடம் அடைக்கும், எண்ணெய் வாடை வந்தால் பெயர் கெடும். சுடுவதற்கு ஆள் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். ஆகவே முறுக்கை அப்படியே பெருக்குவது கடினம். உங்கள் மாவு அப்படி இல்லை. அரிசி மாவும் உளுத்தம் மாவும் எந்த அளவு, ஓமம் எவ்வளவு, எள் எவ்வளவு என்பதுதான் உங்கள் குடும்பத்தின் சொத்து. அந்த அளவில் கலந்த முறுக்கு மாவைப் பொட்டலமாக விற்க முடியும். வாங்குகிறவர் வெண்ணெயும் தண்ணீரும் சேர்த்துப் பிழிந்து கொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு சொல்கிறேன். இதில் உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பொட்டலத்துக்கு மாவும் பையும் சேர்த்து 6 வெள்ளி ஆகட்டும். கடைக்கு 9 வெள்ளிக்குக் கொடுங்கள். கடைக்காரர் 12 வெள்ளிக்கு விற்கட்டும். இரண்டு பெண்கள் எட்டு மணி நேரத்தில் சலித்து, கலந்து, நிறுத்து, 100 பொட்டலம் கட்டினால் உங்களுக்கு 300 வெள்ளி மிஞ்சும். அவர்கள் கூலியும் சேமநிதியுமாக 160 வெள்ளி போனால் 140 வெள்ளி. வாடகை, வண்டி, மெஷின் தேய்மானம், லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முக்கியமாக, இந்த வேலைக்கு நீங்கள் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை, மணிக்கட்டை வருத்த வேண்டியதும் இல்லை.

தொடக்கத்திலேயே நாளுக்கு 100 பொட்டலம் விற்காது. முறுக்கு மாவுக்குத் தீபாவளிதான் பெரிய சந்தை. மற்ற மாதங்களுக்கு இடியாப்ப மாவு, மாமியார் வறுத்து அரைக்கும் கறித்தூள் என்று அதே தராசும் அதே சலிப்பும் பயன்படும் பொருள்களைச் சேர்க்க வேண்டும். சுட்ட முறுக்கை விட்டுவிடவும் வேண்டாம். பழைய வாடிக்கையாளர்களுக்கு அதைக் குறைந்த அளவில், உங்கள் கூலியும் சேர்ந்த விலையில் தொடருங்கள். உங்கள் மாவுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

இப்போது மாமியாரின் கைப்பக்குவத்துக்கு வருவோம். அவர் கை அளக்காமல் போடுவதை நீங்கள் தராசில் வைத்து எழுத வேண்டும். அவர் கிண்ணத்தில் மாவை எடுத்ததும் நிறுத்துக்கொள்ளுங்கள். அவர் உப்பைக் கிள்ளி எடுத்ததும் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுதியது போதாது. பல தடவை நிறுத்து, சராசரி பார்த்து, அந்த அளவில் நீங்கள் சுட்டதை அவரே ருசி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விடாதீர்கள். பிறகு இதுவரை முறுக்கே சுடாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அது சரியாக வந்தால், உங்களிடம் வளரக்கூடிய தொழில் இருக்கிறது. வராவிட்டால் குறை தாளில்தான், திருத்தி எழுதுங்கள். தரம் பார்க்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுங்கள். அவர் சம்மதிக்காத மாவு வெளியே போகக்கூடாது. ஆள் வைத்தால் பேர் கெடும் என்று பயந்தவரே அந்தப் பேரைக் காப்பவராக ஆகிவிடுவார்.

பதிவும் சட்டமும்

உணவுத் தொழில் என்பதால் சில காரியங்களைத் தள்ளிப்போட முடியாது.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனியுரிமை வணிகமாகப் பதிவு செய்ய, வணிகப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் 60 வெள்ளிதான். இப்போதைக்கு அது போதும். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் தொடங்கப் பதிவுக் கட்டணமே 1,000 வெள்ளி. நிறுவனச் செயலாளர், கணக்கு என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். 2016 நிறுவனச் சட்டத்தின்படி ஒருவரே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் நடத்தலாம். பெரிய கடைகளோடு ஒப்பந்தம், பங்குதாரர், பெரிய கடன் என்று வரும்போது அந்தப் படிக்கு மாறுங்கள். தனியுரிமையில் தொழிலின் கடன் உங்கள் வீட்டையும் தொடும். நிறுவனம் என்றால் பொதுவாக உங்கள் பங்குத் தொகையோடு பொறுப்பு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்களே சொந்தமாக உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு இருக்காது. இதை மகனுக்கும் சொல்லுங்கள்.

சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, உணவு கையாளுவோருக்கான பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி ஆகியவை முதல் தேவை. நகராண்மைக் கழக உரிமத்தையும் விசாரியுங்கள். பொட்டல முகப்பில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, காலாவதித் தேதி மலாய் மொழியில் இருக்க வேண்டும். பேரங்காடிக்குப் போக நினைத்தால் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் கேட்பார்கள். சிறு உற்பத்தியாளர்களுக்காகவே அது ஏற்படுத்தப்பட்டது. அதற்காக நீங்கள் எழுதும் தினப் பதிவுகள் உங்கள் தொழிலையும் ஒழுங்குபடுத்தும்.

மலாய் வாடிக்கையாளர்கள் வேண்டுமென்றால் ஹலால் சான்றிதழ் பற்றி இப்போதே யோசியுங்கள். அதற்கு வீட்டுச் சமையலறையிலிருந்து பிரிந்த இடம் வேண்டும். தயாரிக்கும் இடத்தில் சாமி படமும் பூசைப் பொருளும் இருக்கக்கூடாது. சாமி மாடத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, தொழிலுக்குச் சிறு கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது பலர் செய்யும் ஏற்பாடு. லிஜ்ஜத் போல வீடுவீடாக வேலை கொடுப்பதும் இங்கே சிரமம். சான்றிதழ் பதிவு செய்த இடத்துக்குத்தான் கிடைக்கும். பக்கத்துத் தாமான் பெண்களை முறை வைத்து அந்த ஒரே இடத்துக்கு வரச் செய்வது நமக்குப் பொருந்தும்.

கடன் எப்போது?

உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். தாளில் எழுதிய அளவு சரிப்பட்டு, பொட்டலம் தொடர்ந்து விற்று, வாங்கியவர்களே திரும்ப வந்து கேட்ட பிறகு, எதற்குப் பணம் தேவை என்பது உங்களுக்கே தெரியும். மாவு கலக்கும் இயந்திரத்துக்கு என்றால் அது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று கணக்கிடலாம். அப்போது போகும் இடங்கள் உண்டு. அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் வழி இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்காக ஸ்பூமி கடன் இருக்கிறது. 2024-இல் வந்த ஸ்பூமி கோஸ் பிக் திட்டம் 50,000 வெள்ளிக்கு மேல் 1 லட்சம் வெள்ளிவரை போகிறது. இந்தியப் பெண்களுக்காகவே சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் அதே ஆண்டில் 'பெண்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிறிய தொகை போதுமென்றால் முதலில் அங்கே கேளுங்கள். விண்ணப்பிக்கும்போது எழுதிய கணக்கு கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். கல்யாணச் செலவுக்கோ பழைய கடனை அடைக்கவோ தொழில் கடனைத் தொடவே கூடாது.

அதுவரை உங்களையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு 2017 சட்டத்தின்படி இருக்கிறது. சேமநிதியில் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களாகவே பணம் போட்டால் அரசும் ஆண்டுக்கு ஒரு வரம்புவரை தன் பங்கைச் சேர்க்கும். முறுக்கு விலையில் இதற்கும் ஒரு பங்கு அடங்க வேண்டும். 22 வெள்ளியை 25 ஆக்கினால் சிலர் முகம் சுளிப்பார்கள். உங்கள் முறுக்கை 12 வருடமாகச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் இருப்பார்கள்.

ஆள் வைக்கும்போது

இது பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தக்காரப் பிள்ளைதானே, பக்கத்து வீட்டு அக்காதானே என்று கையில் ஏதோ கொடுத்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. சேமநிதியும் சொக்சோவும் இல்லாமல் அவர்களை வைத்து நாம் வளர்ந்தால், தோட்டத்தில் நமக்கு நடந்ததை நாமே இன்னொருவருக்குச் செய்கிறோம். அவர்கள் கூலியும் பாதுகாப்பும் அடங்கிய விலையில் லாபம் வந்தால்தான் தொழில் நிற்கிறது என்று பொருள். நன்றாக வேலை பழகியவருக்கு ஒரு நாள் பொறுப்பைக் கொடுங்கள். பெட்டியடிப் பையன் மேலாளான வழியை உங்கள் கடையிலும் திறந்து வையுங்கள். தாமானில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரைநாள் வேலை தேடும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் நாலு பேருக்கு நீங்கள் வேலை கொடுத்தால், உங்கள் வளர்ச்சி உங்கள் குடும்பத்தோடு நின்றுவிடாது.

எல்லாத் தொழிலும் இப்படி வளராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிய தாளைப் பார்த்து மற்றவர் செய்ய முடியாத வேலை என்றால், விலையை உயர்த்தி, குறைவாகச் செய்து, சேமித்து வைப்பதே நல்லது. உங்கள் தொழில் அந்த வகை இல்லை. உங்கள் கையில் இருப்பது அளவிடக்கூடிய அறிவு.

இந்த மாதம் செய்ய வேண்டியது நாலுதான். ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மாமியாரோடு உட்கார்ந்து அளவுகளை எழுதுங்கள். வரவு, செலவு, உங்கள் மணிநேரம் மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் குறியுங்கள். மகன் படிப்புக்கிடையே அதைக் கைப்பேசியில் ஏற்றட்டும். வீட்டிலேயே முறுக்குச் சுடும் பழக்கமுள்ள பத்து வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு கிலோ மாவு கொடுத்து, எப்படி வந்தது என்று கேளுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். கடைவீடு எடுக்கலாமா, மெஷின் வாங்கலாமா, கடன் கேட்கலாமா என்பதை அந்த எண்களை வைத்துச் சேர்ந்து முடிவு செய்வோம்.